நான் கிள்ளிப்போட்ட பூக்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால்கூட இந்த மாதம் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். முன்பு ஒருநாள் போனில் தோட்டம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதும் நான் இருமிக்கொண்டே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேனே, அது இருமல் இல்லை. வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. எழுதினால் முன்னுக்குப்பின் முரணில்லாமல் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன், அதுவும் எவ்வளவு தூரம் முடியுமோ தெரியவில்லை.

இந்தப் பருவம் மேற்குப் பாதி முழுவதும் மஞ்சள் பூசணி போடுவதென்று அம்மாதான் முடிவு செய்தாள், அவள் நிலம், அவள் கணக்கு. கிணற்றில் இருக்கும் தண்ணீர் கொடிகளை ஒரே ஒரு தடவை முளையிலிருந்து காய்வரை கொண்டுசேர்க்கத்தான் போதும், ஒரு வாரம் பிந்தினாலும் காய் முற்றுவதற்குள் கிணறு வற்றிவிடும். அதோடு முதலில் சந்தைக்குப் போகிற காய்க்குத்தான் மதிப்பு, "நாம பிந்தினா வியாபாரி லாரிய விட்டு இறங்கக்கூட மாட்டான்" என்பாள். அந்த முதல் பறிப்பை நம்பித்தான் மழைக்கால விதைப்பே இருக்கிறது. கொடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் விட்டாள். முப்பத்தைந்து வருடம் ஆவணக் காப்பகத்தில் வேண்டாத தாள்களைக் கழித்துக் கட்டிய கை இது, சும்மா இருக்குமா? முதலில் வந்த பூக்கள் எல்லாம் நீளக் காம்போடு வெறுமனே நின்றன, அடியில் பிஞ்சு என்ற பேச்சே இல்லை, மலர்ந்த அன்றே வாடி விழுந்தன. கொடியின் சத்து வீணாகிறதே என்று தினமும் காலையில் வரிசை வரிசையாகப் போய் ஒரு மொட்டு விடாமல் கிள்ளினேன். ஒன்பது நாள். அவை ஆண் பூக்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை பாப்பா. பள்ளிக்கூடத்தில் இதே பூவைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்துப் பரிசு வாங்கியவன் நான்.

அடுத்து பெண் பூக்கள் வந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கத்தரிக்கு மருந்தடித்து அடித்துத் தேனீக்களை எல்லாம் கொன்றுவிட்டார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். வேலி ஓரம் நின்று "உங்க கத்தரிக்கா நல்லா இருக்கணும்னு எங்க வயித்துல அடிக்கிறீங்களே அண்ணே, இது நியாயமா" என்று அவள் கேட்டதை ஊரே கேட்டிருக்கும். அவர் "தேனீ அடைஞ்சப்புறம் சாயங்காலம்தானே தங்கச்சி அடிக்கிறேன்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் வம்பு வேண்டாம் என்று மருந்தையே நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் கீழே கிடந்த பிஞ்சு ஒன்றை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பழைய படம் ஞாபகம் வந்தது, மகரந்தம் தரவேண்டிய பூக்களைத்தான் நான் ஒன்று விடாமல் கிள்ளிப் போட்டிருக்கிறேன். ஆனாலும் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தியும் பிஞ்சு உதிர்வது நிற்காததால் ஐந்து நாள் அம்மா அவரைத் திட்டினாள், நான் பக்கத்தில் நின்றேன்.

ஆறாம் நாள் அவர் புழு துளைத்த கத்தரிக்காய்களைக் கூடை கூடையாகக் கொட்டுவதைப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. சொல்லவேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துப் போய் அவர் முன்னால் நின்று படித்தேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் வரப்பில் உட்கார்ந்து சிரிக்கிறார். "ஐயா, கல்யாண வீட்டுல மாப்பிள்ளைய வெளிய தள்ளிட்டு, பொண்ணு ஏன் தனியா உக்காந்திருக்குன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்தீங்களே" என்றார். அவருடைய எருக்குழி மேல் யாரும் விதைக்காத பூசணிக்கொடி ஒன்று காடாகக் கிடந்தது, முழுக்க ஆண் பூ. "எல்லாத்தையும் பறிச்சுக்குங்க, ஆனா தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா அதுக்கும் நான்தான் வாங்கிக் கட்டிக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அஞ்சு நாளா அந்த மனுஷனத் திட்டினேன், நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டுனீங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் விடியுமுன் இருவரும் கூடையோடு அவருடைய எருக்குழிக்குப் போனோம். அங்கே பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மலர்ந்த பூவைத்தான் இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன், மலர்வதைப் பார்த்ததில்லை. வெளிச்சம் வர வர முறுக்கிக்கொண்டிருந்த இதழ் லேசாக நடுங்குகிறது, சட்டென்று விட்டுக்கொடுக்கிறது, உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருக்கிறது. பத்து மணிக்கு மூடிவிடும், பிறகு திறக்காது. அதன் ஆயுளில் யாராவது வந்து கதவைத் தட்டுவதற்கு இருப்பது அந்த ஒரு காலை மட்டும். ஆண் பூவின் இதழைக் கிழித்து உள்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொடவேண்டும், ஒட்டுகிற பொடி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. அதில் பத்து கிலோக் காய் இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? ஆறு நாள் காலையில் இப்படித் தொட்டோம், தொட்ட காம்பில் எல்லாம் நூல் கட்டினேன். அறுபத்துமூன்றில் ஐம்பத்தொன்று நின்றன. எலுமிச்சை அளவில் பார்த்துவிட்டுப் போன காய் நான்கைந்து நாளில் தேங்காய் ஆகியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் வளர்கிற சத்தம் கேட்டுவிடுமோ என்றுகூட உட்கார்ந்து பார்த்தேன். முழு விளைச்சல் இல்லைதான், ஆனால் முதல் லாரிக்குப் பிந்தமாட்டோம், மழைக்கால விதைப்பு நடக்கும் என்று அம்மா கணக்குப் போட்டுவிட்டாள்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததுமில்லை. வேலியோரத்தில் இருக்கும் நல்ல காய் பிஞ்சாக இருந்தபோதே கொண்டை ஊசியால் அதன் தோலில் "அண்ணனுக்கு" என்று கீறிவைத்திருக்கிறாள். நான் முதலில் பார்த்தபோது எழுத்து கடுகு அளவு, கண்ணாடி போட்டுத்தான் படித்தேன். காயோடு சேர்ந்து அதுவும் வளர்கிறது, ஆறிய தழும்பு போலத் தடித்து ஒவ்வொரு எழுத்தும் இப்போது என் கட்டைவிரல் நீளம். நேற்று அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார். அம்மா நிமிராமல் களை பறித்துக்கொண்டே இருந்தாள், ஒரே இடத்தில், களையே இல்லாத இடத்தில்.

நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக இருக்கவேண்டும், குழந்தைக்கு எங்கள் இருவரின் முத்தமும் ஆசியும். அம்மா போனில் இதைச் சொல்வாள், கொஞ்சம் கூட்டியே சொல்வாள், முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்.

என்றும் உன் நினைவாக,
அப்பா