புகை வராத வண்டி

ஓசூர்,
30.5.1993, ஞாயிறு.

மாரிசாமிக்கு,

வியாழக்கிழமை உன் கடிதம் கிடைத்தது. இங்கே நானும் ருக்மணியும் இருக்கிறோம். அவளுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. எனக்கு இதுவரை மாத்திரை எதுவும் கிடையாது. உன் கடிதத்தைப் படித்த பிறகு தேவைப்படும் போலிருக்கிறது.

'அன்புள்ள' என்று போட்டுத் தொடங்க மூன்று தடவை முயன்றேன். மூன்று தாளையும் கிழித்துப் போட்டேன். இது நான்காவது.

பூனாவில் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறாய். சந்தோஷம். மேனேஜர் ஆனவனுக்குக் கார்தான் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். லால் பாஷா மகள் ஹமீதுன்னிசாவின் கல்யாணத்துக்கு அந்த வண்டியிலேயே வரப்போகிறாயாம். கல்யாணம் முடிந்த கையோடு நாம் மூன்று பேரும் பழையபடி கூடாரம் கட்டிக்கொண்டு, சாமராஜநகர் வழியாக ஹாசனூர், திம்பம், ஒகேனக்கல், அஞ்செட்டி என்று மலை மலையாகச் சுற்றிவிட்டு வரவேண்டுமாம். லால் பாஷாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம், அவன் கால் ஒரு பிரச்சினையே இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுதும்போது உன் பேனா நிற்கவே இல்லையா?

அதற்கு அடுத்த வரி, 'உனக்கும் பத்திரிகை வந்திருக்கும்' என்பது.

வரவில்லை. அவன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. பதினோரு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தார்கள். எதிர்வீட்டு சாந்தம்மா பத்திரிகையை ருக்மணியிடம் காட்டி, மாப்பிள்ளைக்குப் பர்கூர், கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்தில் வேலை என்று விவரம் சொல்லியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை என்பது பாதியில்தான் புரிந்திருக்கிறது. பேச்சை மாற்றி, வேப்பனப்பள்ளி மாங்காய் இந்த வருஷம் எப்படி என்று கேட்டாளாம். ருக்மணி உள்ளே வந்து அரிசி களைந்தாள். எனக்கு அவமானம் பழகிவிட்டது. அவளுக்கு ஏன்?

பன்னிரண்டரை வருஷமாக நான் இந்த ஊரில் லால் பாஷாவின் காலை உடைத்தவன். பூனாவில் இருப்பவனுக்குப் பத்திரிகை தபாலில் போகிறது.

நீ எழுதியிருக்கிற அந்த 'அருமையான பயணத்தை' நான் எப்படி நினைவு வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். எண்பதாம் வருஷம், ஆயுத பூஜை லீவு. உன் யெஸ்டியில் நீயும் லால் பாஷாவும். சிங்காரப்பேட்டை மச்சானிடம் நான் அடிக்கடி இரவல் வாங்குகிற புல்லட்டில் நானும் கூடாரமும் சட்டி பானையும். இரண்டு வண்டியின் ஹேண்டில்பாரிலும் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று இலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. புல்லட்டுக்கு வெறும் பெட்ரோல். யெஸ்டிக்கு ஆயில் கலந்த பெட்ரோல். காட்டுக்குள் பங்க் கிடையாது என்று நாம் மூன்று பேரும் வேலை பார்த்த ஃபாக்டரியின் ஸ்டோரில் கிடந்த ஒரே மாதிரி இரண்டு டின்னில் ஊற்றிக்கொண்டோம். ஆயில் கலந்த டின்னின் பிடியில் நான்தான் சிவப்புத் துணி கட்டினேன். ஃபாக்டரியில் சரக்கைச் சோதித்து டேக் கட்டுகிற என் வேலையைச் சொல்லி நீ சிரித்தாய். "இன்ஸ்பெக்ஷன்காரன் பொண்டாட்டிக்கும் டேக் கட்டித்தாம்பா வெச்சிருப்பான்" என்றாய். லால் பாஷாவும் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஹாசனூர் தாண்டி அந்தப் பாறை ஓரத்தில் சாயங்காலம் கூடாரம் அடித்தோம். தூறல். விறகு பிடிக்கவில்லை. லால் பாஷா ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் நீ சூப்பர்வைசர் வேலை உனக்குக் கிடைத்ததைச் சொன்னாய். நான் பி.எஸ்சி. உன்னைவிட மூன்று வருஷம் சீனியர். அந்த வேலைக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன், உனக்கே தெரியும். ஆர்டர் வந்து ஒரு வாரமாகிவிட்டது என்றாய். ஒரு வாரமாக என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், யானை நடமாடுகிற காட்டுக்குள் கூட்டிவந்து சொன்னாய். எழுந்து போக வழியில்லாத இடமாகப் பார்த்துச் சொன்னாய் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அது என் கோணல் புத்தியாக இருக்கலாம். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையில் உன் டாங்கில் ஒரு சொட்டு இல்லை. நீ டின்னைத் தூக்கி ஊற்றினாய். நான் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முந்தின நாள் டீ போடும்போது கெட்டில் பிடி சுடுகிறது என்று நீ டின்னிலிருந்து அவிழ்த்துச் சுற்றிக்கொண்டது அந்தச் சிவப்புத் துணியை. ஊருக்கு வந்து மூட்டையைப் பிரித்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. கரி பிடித்துக் கெட்டிலிலேயே இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

திம்பம் உச்சி டீக்கடையில் லால் பாஷா இறக்கத்தில் தான் ஓட்டுவதாகக் கேட்டான். நீ யெஸ்டியை அவனிடம் கொடுத்துவிட்டு என் பின்னால் ஏறிக்கொண்டாய். நான்காவது வளைவில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆயில் இல்லாத பிஸ்டன் அப்படியே இறுகி நின்றது. பின்சக்கரம் சுழலவில்லை. வண்டி அவனைக் கல் சுவரில் கொண்டுபோய் அடித்தது. லாரியில் தூக்கிப்போட்டு சத்தியமங்கலம் கொண்டுபோனோம். அவன் தலை என் மடியில், கால் உன் மடியில்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "நாராயணப்பா, நான் ரெண்டு வருசமா அவன் வீட்டுல, அவனோட அம்மா ரஹமத் பீவியம்மா கையால சோறு தின்னவன். நீ எப்பவோ ஒருக்கா போறவன். எனக்கு அந்த வாசல் மூடிடக் கூடாதுப்பா. நீ ஊத்துனேன்னு சொல்லிடு. உன்னைய அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய்.

நானே உள்ளே போய்ச் சொன்னேன். லால் பாஷா திட்டவில்லை. முழங்கால் நொறுங்கிக் கிடந்தவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீதானேப்பா சிவப்புத் துணி கட்டுனே. அப்புறம் எப்படி மாத்தி ஊத்துவே?" அதோடு பேச்சை நிறுத்தியவன் இன்றைக்கு வரை பேசவில்லை. அவனுக்கு அந்த ஃபாக்டரி வேலை போயிற்று. நிரந்தரம் ஆகாத ஆள், எவன் கேட்பான்? இப்போது பாகலூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். உயரமான ஸ்டூலில் காலை நீட்டியபடி உட்கார்ந்திருப்பான். என் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் நான் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகிறேன். ஹமீதுன்னிசா சின்னப் பெண்ணாக இருந்தபோது என்னைத் தெருவில் கண்டால் புல்லட் மாமா என்று ஓடி வருவாள். ஏழெட்டு வயதில் அதை நிறுத்திவிட்டாள். யாரோ சொல்லியிருப்பார்கள்.

ரஹமத் பீவியம்மா போன வருஷம் இறந்தபோது நான் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினேன். நீ பூனாவிலிருந்து வந்து சந்தூக்குக்குத் தோள் கொடுத்தாய்.

இதையெல்லாம் கேட்டால், உன்னை யார் பொய் சொல்லச் சொன்னது, மறுத்திருக்கலாமே என்பாய். ருக்மணியும் அதைத்தான் கேட்கிறாள். அவளுக்கும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போது உனக்கு எழுதுகிறேன்.

ஹாசனூரிலிருந்து திம்பம் வரைக்கும் நான் உன் வண்டிக்குப் பின்னால்தான் வந்தேன். முந்தின நாள் முழுக்க உன் யெஸ்டியின் ஆயில் எரிந்த நீலப் புகையைத் தின்றுகொண்டே வந்தவன் நான். அன்று காலை புகை இல்லை. வாடையும் இல்லை. இரண்டு மைல் போவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஹாரன் அடித்து நிறுத்தியிருக்கலாம். அடிக்கவில்லை. ஏற்றத்தில் எஞ்சின் பிடிக்கட்டும், சூப்பர்வைசர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரட்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே நினைத்தேன்.

வண்டி ஏற்றத்தில் நிற்கவில்லை. டீக்கடையில் சொல்லிவிடலாம் என்று டம்ளரோடு உன் பக்கம் திரும்பினேன். நீ என்னைக் காட்டிக் கடைக்காரரிடம், "பாத்துக் குடுங்க, எங்க ஆபீசர் டீயை டெஸ்ட் பண்ணித்தான் குடிப்பாரு, ரிஜெக்ட் ஆயிடும்" என்றாய். அவர் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். லால் பாஷா ஏறி உட்கார்ந்து உதைத்தான். வண்டி கிளம்பிவிட்டது. பிறகுதான் ஹாரன் அடித்தேன். கை எடுக்காமல் அடித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், "என்னப்பா, அவனை முந்தணுமா?" என்று பின்னாலிருந்து என் முதுகில் தட்டினாய். லால் பாஷாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். திரும்பி ஒரு கையை ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

ஆகவே அந்த வராந்தாவில் நீ என் கையைப் பிடித்து அழுதபோது நான் உனக்காக ஒத்துக்கொள்ளவில்லை. என் பங்குக்கு ஒத்துக்கொண்டேன். ஆனால் உன் பங்கையும் சேர்த்து இத்தனை வருஷம் சுமக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு தெரு நடந்து போய் என்றைக்கு வேண்டுமானாலும் நான் சொல்லியிருக்க முடியும். போகாததற்குக் காரணம், நீ முதலில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். நீ சொல்லாத ஒவ்வொரு வருஷமும் எனக்கு வசதியாக இருந்தது. உன்னைத் திட்டிக்கொண்டே இருந்துவிடலாம் அல்லவா?

நீ கேட்ட மற்ற விஷயங்கள். ஃபாக்டரியில் ஆட்குறைப்பு என்று பேச்சு. என் பெயரும் பட்டியலில் இருக்கலாம். பெங்களூர்க்காரர்கள் வந்து நம் பக்கத்து நிலத்தையெல்லாம் பிளாட் போடுகிறார்கள். தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை. மழை இன்னும் இல்லை.

மலைக்கு நான் வரமாட்டேன். உன்னோடு கூடாரத்தில் படுக்க என்னால் முடியாது. லால் பாஷா உன் பின்னால் உட்கார்ந்து அந்த நான்காவது வளைவைப் பார்க்க வேண்டுமா என்பதை அவனிடமே கேள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்.

நிக்காஹ் ஜூன் பதின்மூன்றாம் தேதி ஞாயிறு. நீ வெள்ளிக்கிழமையே வந்துவிடு. பந்தல் போட்டு ஜனங்கள் கூடிய பிறகு இதைப் பேச முடியாது. நேரே என் வீட்டுக்கு வா. ருக்மணி சோறு போடுவாள், அவளிடமும் அதற்குள் சொல்லியிருப்பேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு தெரு நடப்போம். அவன் வாசலில் நீ முன்னால் போ. அன்றைக்குப் போலவே நான் பின்னால் வருகிறேன். இந்தத் தடவை வாயைத் திறப்பேன். துணி என் சட்டைப் பையில் இருக்கும். அவன் கேட்ட கேள்விக்கு அதைக் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு அவன் நம் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னால் போய்விடலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பார்ப்பேன். நீ வராவிட்டால் சனிக்கிழமை காலை நான் மட்டும் போவேன். அப்போது உன் பங்கைச் சொல்வதா, என் பங்கை மட்டும் சொல்வதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதே, மாரிசாமி.

ஹமீதுன்னிசா புல்லட் டாங்கின் மேல் உட்கார்ந்து ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பாள், நினைவிருக்கிறதா? அந்தப் பெண் குறை ஒன்றும் இல்லாமல் வாழட்டும். நீ பத்திரமாக வந்து சேர். வழியில் பெட்ரோல் போடும்போது பார்த்துப் போடு.

உன்,
நாராயணப்பன்