கூட்டாமல் விட்ட மூலை

செப்டம்பர் 14, ஞாயிறு

விடியும்போதே வானம் மப்பு. 7.10க்கு ஏரிப் பூங்கா. எங்கள் குடியிருப்புத் தாமானிலிருந்து நடந்தால் ஆறு நிமிடம். ஜெயந்தி கூட வந்த கடைசி மாதங்களில் இருபது.

பார்த்தவை: பழுப்புக் கீச்சான் ஒன்று, வேலிக் கம்பியில். இந்தப் பருவத்தின் முதல் வரவு. ஏரிக்கு மேல் தகைவிலான்கள், முப்பது இருக்கும். மீன்கொத்தி. மைனா, மைனா, மைனா.

கீச்சானைக் கண்டதும் பக்கத்தில் திரும்பி, "வந்துட்டான் பாரு" என்றேன். பெஞ்சு காலி. ஜெயந்தி போய் ஏழு மாதம். என் வாய்க்கு இன்னும் தெரியவில்லை.

பறவை நோட்டில் எழுதவில்லை. அதற்கு ஒரே சட்டம், அவள் போட்டது: புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் கண்ணால் பார்த்தால்தான் ஏறும். வரிசைக்கு இரண்டு கையெழுத்து. ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் அதைப் பார்த்தேன் இதைப் பார்த்தேன் என்று நான் அளந்துவிடுவேனாம். அளந்ததும் உண்டு.

ஆகவே இனி அதில் எதுவும் ஏறாது. இந்த டைரி போதும்.

வாங்க: விளக்குக்கு எண்ணெய், பல்பு, ரொட்டி.

செப்டம்பர் 21, ஞாயிறு

நல்ல வெயில். கால்வாய் ஓரம் சாம்பல் வாலாட்டி. வாலை மேலும் கீழும், மேலும் கீழும். பார்த்ததும் ஜெயந்தி சொன்னது ஞாபகம் வந்தது.

போன அக்டோபர். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு அவளால் ஏரியைச் சுற்ற முடியாது. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஒரு சுற்று போய் வருவேன். ஒரு நாள் திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, மூங்கிலுக்குக் கீழ ஒன்னு நடந்து போச்சு. வாலாட்டி மாதிரிதான். ஆனா வால பக்கவாட்டுல ஆட்டுது. இடுப்ப ஆட்டி நடக்குற மாதிரி." கையை வைத்து ஆட்டிக் காட்டினாள்.

"எந்த வாலாட்டியும் பக்கவாட்டுல ஆட்டாது."

"நான் பாத்தேங்க. நெஞ்சுல ரெண்டு கறுப்புப் பட்ட."

"மருந்து மயக்கம். எந்திரி, போலாம்."

சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி நோட்டில் எழுதினாள். அக். 19, மூங்கிலடி, வாலைப் பக்கவாட்டில் ஆட்டும் வாலாட்டி, பெயர் தெரியவில்லை. கீழே அவள் கையெழுத்து. நான் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்து 'ரிஜெக்ட்' என்று எழுதினேன். தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்த கை. அவள் அதைப் பார்த்தாள். நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். "இட்லியா, தோசையா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு பறவை பற்றியும் அவள் பேசியதில்லை. உடம்பு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. ஒரு வருடம் கழித்து இன்றுதான் பறவைப் புத்தகத்தில் வாலாட்டிகள் பக்கத்தைத் திறந்தேன்.

இருக்கிறது. கொடிக்கால் வாலாட்டி. நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. மரத்தடிச் சருகில் நடந்து இரை தேடும். வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். செப்டம்பருக்கு மேல் வடக்கிலிருந்து நம் பக்கம் வரும்.

அந்தப் பக்கத்தின் நுனி மடித்திருந்தது. நான் புத்தகத்தை மடிக்கிற ஆள் இல்லை.

தெரிந்துகொண்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஜித்ராவிலிருந்து மகள் தாரணி போன்.

"அப்பா, பசியாறியாச்சா?"

"ஆச்சு."

"பொய் சொல்லாதீங்கலா."

அக்டோபர் 5, ஞாயிறு

ஏழு நாளாகத் தினமும் மூங்கிலடி. மழை நாளிலும், குடையோடு. கரிச்சான், மைனா, ஓர் உடும்பு. அது இல்லை.

அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். புத்தகம் சொன்னால் போதாதா? போதவில்லை. அவள் சொன்னதையே நம்பாதவனுக்குப் புத்தகம் எம்மாத்திரம்.

இன்னொன்று. பூங்கா முழுக்கப் படு சுத்தம். மூங்கிலடி மூலையில் மட்டும் சருகு கணுக்கால் உயரம். கூட்டுகிற பெண் அந்த இடத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சம்பளம் மட்டும் முழுதாக வாங்குவாள். நாளை கேட்டுவிட வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்டதுதான் நல்லது. தெரியவில்லை.

அவள் பெயர் செல்வி. புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறாள். நாற்பது வயது இருக்கும். விறைப்பாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏம்மா, எல்லா இடமும் கூட்டுற, இந்த மூல மட்டும் ஒன் கண்ணுக்குத் தெரியலையா?"

துடைப்பத்தை நிறுத்தினாள். "தெரியும்ணே. அக்காதான் கூட்ட வேணாம்னு சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"ஒங்க வீட்டு அக்காதாண்ணே. போன வருசம் இந்த பெஞ்சுல உக்காந்திருப்பாங்களே. அங்க ஒரு குருவி வரும், சருகு இருந்தாதான் வரும், விட்டுரு செல்வின்னாங்க. வேலை வாங்குற மண்டோர்கூட ஏசுனாரு, பாம்பு வரும்லா, கூட்டுன்னு. நான் கேக்கல. அக்காகிட்ட சரின்னு சொல்லிட்டேன்ல."

"எதுக்காம்?"

"அடுத்த வருசமும் வருமாம் அது. எங்க வீட்டுக்காரரு கண்ணால பாத்தாதான் நம்புவாரு, அவரு பாக்கட்டும்னாங்க."

"ரெண்டு பேரும் பாக்கணும்னு சொல்லலையா?"

"இல்லண்ணே. அவரு பாக்கட்டும்னுதான் சொன்னாங்க." பிறகு, "அக்கா காரியத்துக்கு நானும் வந்தேன். ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றாள்.

ஞாபகம் இல்லை. மன்னிப்புக்கூடக் கேட்காமல் விறுவிறு என்று வீட்டுக்கு நடந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் யாரும் இல்லை. குழாயை எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மேகம், காற்று. மூங்கிலடி ஒன்றரை மணி நேரம். இல்லை. உயரத்தில் தேன்பருந்துகள் தெற்கே போயின, இருபத்திரண்டு. ஜெ. இருந்தால் கழுத்து வலிக்க வலிக்க எண்ணுவாள்.

செல்விக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கிப் போனேன். "எதுக்குண்ணே?" என்றாள். சும்மாதான் என்றேன். அவள் அந்த மூலையைத் தாண்டும்போது இப்போது துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். முன்பும் அப்படித்தான் நடந்திருப்பாள். நான்தான் பார்க்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். துக்க வீட்டில் பலகாரச் சட்டி வைக்கக் கூடாது என்பதால் கொடுப்பது. தாரணி வந்து இரவு தங்கினாள். அம்மா சேலைகளை எடுத்து மடித்து மடித்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

தாமான் முழுக்க வெடி. ஏரிக்கரையிலும் கொளுத்துகிறார்கள். இந்தச் சத்தத்தில் எது வரும்? வந்திருந்தாலும் ஓடியிருக்கும்.

அக்டோபர் 22, புதன்

7.40. மூங்கிலடி.

பார்த்தேன்.

முதலில் சருகு மட்டும் அசைந்தது. பிறகு நடந்து வந்தது. முதுகு பச்சை கலந்த பழுப்பு. நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை, கீழ்ப்பட்டை நடுவில் விட்டுப்போயிருந்தது. நின்றது. ஆட்டியது. பக்கவாட்டில். அவள் கையை வைத்துக் காட்டியது அப்படியே.

தொலைநோக்கியை எடுக்கவில்லை. வெறும் கண்ணால்தான் பார்த்தேன். நான்கு நிமிடம் இருக்கும். ஒரு நாய் வர, மேலே கிளைக்குப் போய்விட்டது.

"நீ சொன்னதுதான் சரி" என்றேன். பெஞ்சைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். நடைப்பயிற்சிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் நோட்டை எடுத்தேன். சிவப்புக் கோட்டை ரப்பர் போட்டு அழிக்கப் பார்த்தால் தாள்தான் கிழிகிறது. விட்டுவிட்டேன். 'பெயர் தெரியவில்லை' என்பதற்குப் பக்கத்தில் பெயரை எழுதினேன். அவள் தேதிக்குக் கீழே இன்றைய தேதி. அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது. ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று அவள் சட்டம் போட்டதில்லை.

சட்டப்படி ஏறிவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை.

அக்டோபர் 23, வியாழன்

தூறல். மூங்கிலடியில் ஒன்றும் இல்லை. செல்வியிடம் நேற்று பார்த்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அக்கா சொன்னது முடிஞ்சிருச்சுல்ல அண்ணே. இனி கூட்டிரவா? மண்டோர் தொல்ல தாங்கல."

வேண்டாம்மா, மண்டோரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.