நிறைசிரட்டை வாங்கிய படம்

என் சுசீலா மைனிக்கு,

'நீங்கள்' போட்டு எழுதிப் பார்த்தேன், கை கூசியது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் நமக்குள் நீ, வா, போதான். செத்துப்போனதற்காக மரியாதை கூடுமா என்ன?

இங்கே விசேஷம் நிறைய. நாம் பார்த்துக்கொண்டிருந்த ஏழு மணி சீரியல் இன்னும் முடியவில்லை. அந்த நாத்தனார்க்காரி பாயசத்தில் விஷம் கலந்து மூன்று வாரமாகிறது. குடிக்கவும் ஆளில்லை, பாயசம் ஆறவும் இல்லை. நீ இருந்தால் என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "நாத்தூன்மாரெல்லாம் இதுக்குத்தான் பொறந்தாளுவளா மக்கா?" என்று கேட்டிருப்பாய்.

போனில் புதிதாக ஒரு தொடர் வந்திருக்கிறது, நம் மாவட்டத்துக் கதையாம். நம்மூர் ஆள் என்று காட்ட வரிக்கு ஒரு 'மக்கா'. போலீஸ்காரனைக்கூட மக்கா என்கிறான், அவனும் வாங்கிக்கொள்கிறான். எல்லோரும் புகழ்கிற தடி நாவலையும் படித்தேன். அதில் உச்சி வெயிலில் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எந்த மரம் பால் தரும்? மூடிவைக்கத்தான் நினைத்தேன். முழுக்கப் படிக்காமல் குறை சொன்னால் உனக்குப் பிடிக்காதே என்று படித்து முடித்தேன். சனியன், கதை நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் எத்தனை சிரட்டை என்று சொல்லத்தான் ஆளில்லை.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்பே தொடங்கி அவரவர் மரங்களில் பால் வெட்டி முடித்துவிட்டு, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகளில் பால் சொட்டிச் சேரும் வரை பாறையில் உட்கார்ந்திருப்போமே, அந்த நேரம் உன்னுடையது. கட்டன்சாயாவை ஊதிக்கொண்டே, பார்த்த படத்துக்கும் படித்த கதைக்கும் தீர்ப்புச் சொல்வாய். கால்சிரட்டை, அரைச்சிரட்டை. ரொம்ப மோசமென்றால் ஒட்டுப்பால், மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் கழிவு. ஊரே அழுத படத்துக்கே முக்கால்தான் கொடுத்தாய். நிறைசிரட்டை எதற்கும் கொடுத்ததில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் படங்களைக் கண்டால் உனக்கு ஆகவே ஆகாது. "பொய்யி. நம்ம வீட்டுல எவன் வந்து சரியாக்கினான்?" என்பாய்.

அதனால்தான் மைனி, நான் செய்ததை உன்னிடம் ஒப்புக்கொள்ள இத்தனை மாதம் ஆகிவிட்டது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன் மகன் அஜின் துபாயில் லீவுக்கு நாயாய் அலைந்துகொண்டிருந்தான். எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லச் சொன்னாய். பார்த்தேன். வெளிநாட்டுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் அம்மா. அவன் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கிறது, அம்மா இல்லை. இதை எந்த வாயால் உன்னிடம் சொல்வேன்? கட்டிலருகே உட்கார்ந்து மற்றதையெல்லாம் உள்ளபடி சொன்னேன். கடைசியை மட்டும் மாற்றினேன். மகன் பஸ்ஸை விட்டு இறங்கி, முன்வாசலை விட்டுவிட்டு அடுக்களைப் பக்கமாக வருகிறான் என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்: "வந்து முதல்ல என்ன கேட்டான்?"

யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்: "'அம்மா, சோறு இருக்கா'ன்னு கேட்டான்."

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறைசிரட்டை மக்கா" என்றாய்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அஜின் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் மறைத்த முடிவு அப்படியே நம் வீட்டு வாசலில் நின்றது. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தான். பொய் சொல்லி ஒரு நிறைசிரட்டையை வாங்கிவிட்டேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் உன் மகள் சுஜி வந்திருந்தாள். பேச்சுவாக்கில் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆஸ்பத்திரியில், நான் கதை சொல்ல வருவதற்கு முன்பே, அவளுடைய போனில் நீ முழுப் படத்தையும் பார்த்துவிட்டாயாம். அரைச்சிரட்டை என்றாயாம். "அத்தைக்கிட்ட சொல்லாத, அவ எப்படிச் சொல்லுதான்னு கேக்கணும்" என்றும் சொன்னாயாம்.

அப்படியானால் நான் பொய் சொல்கிறேன் என்று முதலிலேயே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான், அவன் என்ன கேட்டான் என்று கேட்டாயா? பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுக்களை வழியாக நுழைந்து அப்படிக் கேட்பவன் எந்தப் படத்திலும் இல்லை. அது உன் பிள்ளை. நான் அறியாமல் அவனைத்தான் உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். நீ கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது அவனையா மைனி? ஒருதடவை பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

எனக்கு உன்மேல் கோபமும் வருகிறது, மனசு உன்னைத் தேடவும் செய்கிறது. பாறையில் இப்போது தனியாகத்தான் உட்காருகிறேன். சாயா பாதியிலேயே ஆறிவிடுகிறது.

அஜின் திரும்பிப் போனதோடு சரி, ஊருக்கே வரமாட்டேன் என்கிறான். கடைசியாக ஒருமுறை முகத்தைக் காட்ட முடியவில்லையே என்று போனில் சொல்லிச் சொல்லி அழுகிறான். நான் இனி அவனுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. நடந்ததை உள்ளபடி சொல்வேன், என் பொய்யையும் சேர்த்து. அவன் அடுக்களை வழியாக வந்ததை அவன் அம்மா பார்த்தாள், அதற்குத்தான் நிறைசிரட்டை கொடுத்தாள் என்று சொல்வேன். அவன் வருகிறவரை அடுக்களைக் கதவைத் தாழிடமாட்டேன், பானையில் ஒரு பிடி சோறு எடுத்துவைப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பொய்க்கார நாத்தனார்,
லீலா