பாதி மருந்தில் எடுத்த படம்

ஆவடி,
11.8.2024

அன்புள்ள தம்பி கஜபதிக்கு,

அக்கா வனஜா எழுதுவது. இங்கே நானும் மாமாவும் நலம். நீயும் புனேயில் வேளை தவறாமல் மருந்து சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் டூட்டியில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை குவார்ட்டர்ஸ் மாடியில் துணி காயப்போடும்போது பின்மண்டையில் அடித்தாற்போல ஒரு வலி. இரண்டு முறை வாந்தி. பக்கத்து வீட்டு ராஜகுமாரி ஆட்டோ பிடித்து அம்பத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம், "ஒண்ணியும் ஆவாதுக்கா, கண்ணத் தொறந்துகினு இரு" என்று சொல்லியபடி என் கையை விடவே இல்லை. மாமா ஃபேக்டரியிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டார். பயந்துவிடாதே, இப்போது வலி இல்லை.

முதல் ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரியவில்லை. ஆனால் மூளை ரத்தக்குழாயில் எங்காவது வீக்கம் இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும், கையில் ஊசி வழியாக ஒரு மருந்தைச் செலுத்தி மறுபடி சி.டி. எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறுமாம். எனக்கு இருப்பதே ஒன்று, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் 1.6, அளவுக்குக் கொஞ்சம் அதிகம் என்று சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஸ்கேன் எடுக்கும் ஜெயப்பிரியா என்ற பெண்தான் ஒரு வழி சொன்னாள். எக்ஸ்ரேயின் மின்னழுத்தத்தைக் குறைத்தால் அந்த மருந்து படத்தில் இன்னும் பளிச்சென்று தெரியுமாம். அதனால் வழக்கமான அளவில் பாதி போதும், கதிர்வீச்சும் குறையும். "படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும் சார், கம்ப்யூட்டர்ல தெளிவாக்கிடலாம். இவங்களுக்குத் திரும்பவும் எடுக்க வேண்டி வரலாம், இப்பவே கம்மியா குடுப்போம்" என்றாள். டாக்டரும் சரி என்றார்.

படிவம் நிரப்பும்போது இன்னொரு கிட்னியை எதற்காக எடுத்தார்கள், ஏதாவது நோயா என்று அவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார், "நோவு இன்னா நோவு. அது என் மச்சான்கிட்ட கீதும்மா. பத்தரமா வச்சிகினு கீறான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கஜபதி, மூன்று வருஷத்துக்கு முன் எனக்குக் கிரியாட்டினின் ஏறியபோது, உனக்குக் கொடுத்ததால்தான் எனக்கு இந்தக் கதி என்று அவர் சமையலறையில் சொன்னது உன் காதில் விழுந்தது. தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன், இன்றுவரை வரவில்லை. அவர் பயத்தில் சொன்னார். பயத்தை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் வாங்கி வந்தது அவர்தான்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவியது. அசையாமல் கிடந்தேன். எட்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் அன்று, பக்கத்து ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அன்று எனக்குப் பயமே இல்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீ இருந்தாய்.

படம் தெளிவாகவே வந்தது. ஒரு குழாயில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வீக்கம். கசியவில்லை, இப்போதைக்குத் தொட வேண்டாம், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்கிறார்கள். ஆறு மாதம் கழித்து இதேபோல் குறைந்த அளவில் மறுபடி பார்ப்பார்களாம். இரண்டு நாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் அதே 1.6தான். மாமா அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தார்.

துணைக்கு ஆள் வேண்டும் என்று உன்னைக் கூப்பிடவில்லை. அதற்கு மாமாவும் ராஜகுமாரியும் இருக்கிறார்கள். உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை வா. எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, மதியம் வரை தூங்கு. நீ தூங்குவதைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

நோய் நொடி இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அக்கா,
வனஜா