கேட்காததற்குப் பதில்

மார்ச் 4

என் அன்புள்ள அவருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

ஒன்று எழுத வேண்டும், கூச்சமாக இருக்கிறது. சிரிக்கக் கூடாது. நீங்கள் விடுமுறையில் வருகிறீர்களே என்று, அலமாரியில் கிடந்த உங்கள் பழைய ரேசரை எடுத்து அடிவயிற்றுக்குக் கீழே, தொடை இடுக்கு வரை வழித்தேன். இரண்டொரு நாளில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துவிட்டது. ஒரே அரிப்பு. சிலதில் சீழ் வேறு. தையல் மெஷினில் உட்கார்ந்தால் துணி உரசி உயிர் போகிறது. சூப்பர்வைசர், "என்னம்மா, முள்ளு மேல உக்காந்த மாதிரி நெளியுற?" என்கிறாள். அத்தையிடம் எப்படிச் சொல்வேன்? ஏதாவது பெரிய வியாதியோ என்று கண்டதையும் நினைத்துத் தூக்கமே போய்விட்டது. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றிருக்கிறது.

உங்கள் குட்டிம்மா

மார்ச் 9

அன்புள்ள குட்டிம்மா,

கடிதம் கண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காய்ச்சல் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வெல்டிங்கை அப்படியே போட்டுவிட்டு வந்தேன். கொப்புளத்தில் நீர் கோத்திருக்கிறதா? வலியே இல்லாமல் புண் ஏதாவது உண்டா? மறைக்காமல் எழுது. நம் தெரு டாக்டரம்மாவிடம் போகாதே. தெரியாத இடமாகப் பார். என்னைப் பற்றி விசாரித்தால், வெளியூரில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள். பயப்படாதே, ஊசி போட்டால் அடங்கிவிடும். எனக்குப் போட்டபோது முழுக்கக் குணம் என்றுதான் சொன்னார்கள். நேரில் வந்து எல்லாம் பேசுகிறேன்.

உன்னுடையவன்

மார்ச் 15

சின்னவளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வரும் முன்பே நம் தெரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டேன். விளக்கைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தவர், "இதுக்கா இப்படி நடுங்குறீங்க? வழிச்ச முடி வளரும்போது வளைஞ்சு தோலுக்குள்ளயே போயிடுச்சு. மழுங்கின பிளேடு வேற. கிள்ளாதீங்க, வெந்நீர் ஒத்தடம் குடுங்க, ஆறுற வரைக்கும் ரேசரைத் தொடாதீங்க" என்று ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். வழியெல்லாம் பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். இப்போது எல்லாம் வற்றிவிட்டது.

அதன் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. உங்களைப் பற்றி நான் ஒன்றுமே கேட்கவில்லையே.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனேன். இந்தத் தடவை வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. கடிதத்தையே நீட்டிவிட்டேன். படித்துவிட்டு அவர் என் தோளில் கை வைத்தார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.

சின்னவளின் அம்மா