வாசிக்கப்பட்ட பேர்

நவம்பர் 2, 2007. வெள்ளி. தூறல்.

ஆத்துமாக்கள் பூசைக்கு வந்தவர்கள்: மூத்தவன் யேசுதாசன், மருமகள் றெஜினா, பேத்தி நிரோஜா, பக்கத்துக் கட்டிடத்துப் பிலோமினா, அவள் புருசன் (பூசை முழுக்க மூக்குச் சிந்தினார்), மன்னாரிலிருந்து வந்த புதுச் சுவாமி, நான். மழைக்கு வேறு ஒருவரும் வரவில்லை.

சுவாமி செத்தவர்களின் பேர் வாசித்தார். என்ர மனுசனின் பேர் வந்தது. அடுத்தது, அந்தோனி ஜெயசீலன்.

என் இளையவன். ஊரில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனவன். உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவனின் பேரை நான் ஒருநாளும் செத்தவர்களோடு கொடுத்ததில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கான மன்றாட்டில்தான் கொடுப்பேன். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வாசலில் குடை விரிக்கும்போது கேட்டேன், ஆர் குடுத்தது?

"நான்தான், அப்பம்மா." நிரோஜா.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

நவம்பர் 3. சனி. மழை விட்டுக் குளிர்.

முழங்கால் எண்ணெய் முடிந்தது. வாங்க வேணும்.

நிரோஜா படிப்பது இந்த வெள்ளைக்கார நாடுகளின் பழைய காலம். ராசாக்கள், மடத்துச் சாமிமார், லத்தீன், படம், பாட்டு, கொள்ளைநோய், எல்லாம் சேர்த்து ஒரே படிப்பு. பல்கலைக்கழகத்தில் அப்படியும் ஒன்று இருக்கிறதாம். பிலோமினா போன மாதம் கேட்டாள், "பேத்தி டொக்டருக்கோ படிக்குது?" யே. சொன்னான், "ஓம் அக்கா, ஐந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்தவைக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

இன்று குசினிக்குப் படப் புத்தகத்தோடு வந்தாள். படத்தில் ஒரு சவக்காலை. குழிகளிலிருந்து செத்தவர்கள் எழும்பி நிற்கிறார்கள். கையில் அரிவாள், சம்மட்டி, அவரவர் தொழில் சாமான்.

"பேர் சொல்லி மன்றாடாட்டி ஆத்துமா வழியிலேயே நிண்டுபோகும் எண்டு அந்தச் சனம் நம்பினது, அப்பம்மா. மடத்திலை ஒவ்வொருத்தற்றை பேரையும் அவை செத்த நாளிலை வாசிப்பினம். சித்தப்பாக்கு ஒருத்தரும் வாசிக்கேல்லையே எண்டு..."

"அவன் செத்தவன் எண்டு ஆரடி உனக்குச் சொன்னது?"

புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். மூட முன்னம் பார்த்துவிட்டேன். முன்னுக்கு நிற்கிறவன் தோளில் வலை. சீலனும் வலைக்காரன்.

மத்தியானம் கண் அயர்ந்தால் சீலன் வருவான். எந்த நாளும். கட்டில் காலடியில் நின்று, "அம்மா, தேத்தண்ணி" என்பான். கடல் உப்பு மணக்கும். நேற்று வரவில்லை. இன்றும் இல்லை. பேர் வாசித்ததோடு வழி அடைபட்டுப் போச்சோ?

அவன் வந்தால் போட என்று இங்கே வாங்கிய குளிர் ஜக்கெற் அலுமாரியில் தொங்குகிறது. அதில் ஒரு மணமும் இல்லை.

நவம்பர் 4. ஞாயிறு. வெயில், சூடில்லாத வெயில்.

பூசைக்குப் போகவில்லை. யே.யும் றெஜினாவும் போனார்கள். நி. நின்றுவிட்டாள். தேத்தண்ணி வைத்தாள். அழுதாள்.

"அப்பாட்டைக் கேட்டனான், அப்பம்மா. சித்தப்பா செத்த நாள் எது எண்டு. டக்கெண்டு சொன்னார், பிடிச்சதுக்கு மற்ற வியாழன், அடுத்த கிழமை எண்டு. அப்ப உங்களுக்கும் உள்ளுக்குத் தெரியும் எண்டு நினைச்சிட்டன்."

மற்ற வியாழன்.

அந்த வியாழன் எனக்கு முழுக்க நினைவு. பின்னேரம் யே. வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. நேரே கிணற்றடி. உடுத்த சாரத்தோடு தலையில் தண்ணி அள்ளி அள்ளி ஊற்றினான், செத்தவீட்டால் வந்தவர்கள் முழுகிவிட்டு உள்ளே வருவதுபோல. நகத்துக்குள் மண். தோட்டத்தால் வந்தவன் என்று நினைத்தேன். தம்பியைக் கண்டனியோ என்று கேட்டேன். "இல்லை, அம்மா." சோறு வேண்டாம் என்றான். துவாய் எடுத்துக் கொடுத்தது நான்.

யே. பூசையால் வந்து கதவடியில் சப்பாத்துக் கழற்றும்போது கேட்டேன்.

"அந்த வியாழன் ஏன் முழுகினனி?"

குனிந்தபடியே சொன்னான்.

"ஆமி சுட்டுப் போட்டிட்டான். நான்தான் தம்பியைத் தாட்டனான், அம்மா. சவக்காலைக்குக் கொண்டுபோக விடேல்லை. சொன்னா நீங்களும் போயிடுவியள் எண்டு பயம்."

"எங்கை?"

"பனங்காணிக்குள்ளை. இப்ப அங்கை போகேலாது."

"மாமி, இருங்கோ," றெஜினா கதிரை இழுத்தாள். இருக்கவில்லை.

நவம்பர் 5. திங்கள். மூட்டம்.

மத்தியானம் படுத்தேன். சீலன் வரவில்லை.

சுவாமிக்கு ரெலிபோன். சீலனுக்கு அவன் நாளில் பூசை. பேரை நானே சொன்னேன். சொல்ல வாய் வந்தது.

நி. கேட்டாள், "ஜக்கெற்றை நான் போடட்டே?" போட விட்டேன். கை நீளம், மடித்துவிட்டேன். அவளில் எனக்குக் கோபமில்லை.

துவக்கால் சுட்டவர்களின் பேர் எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும், அவர் பார்க்கட்டும். எத்தனை மாரி, சீலன் வருவான் என்று வாசல் விளக்கை அணைக்க விடாமல் கிடந்தேன். தாட்டவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஜக்கெற் வாங்கிய அன்று, தம்பிக்கு அளவாயிருக்குமோ என்று கேட்க, கடையில் தானே அதைப் போட்டுத் திரும்பிக் காட்டினான். "அளவுதான், அம்மா."

இவன் பேர் எனக்குத் தெரியும். யேசுதாசன்.