ஒரே சட்டி, ஒருத்திக்கு மட்டும் மாத்திரை

அனுப்புநர்:
மூத்த மருமகள், தையல்காரி,
மருந்துக்கடை மாடி வீடு.

பெறுநர்:
மருத்துவ அலுவலர் அவர்கள்,
ஊட்டச்சத்துப் பிரிவு,
அரசு மருத்துவமனை.

பொருள்: துத்தநாக மாத்திரை என் ஓரகத்திக்கு மட்டும் வழங்கியது குறித்தும், எனக்கும் வழங்கக் கோரியும்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்கும் என் கொழுந்தன் மனைவிக்கும் சென்ற ஆண்டு முதல் பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை. இருவருக்கும் வைட்டமின் ஏ கொடுத்தீர்கள். இருவருக்கும் குணமில்லை. அதுவரை எனக்கு அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. பிறகு முகாமில் அவளுக்கு ரத்தம் எடுத்த நர்ஸ், "ஒரே வீடு, ஒரே சாப்பாடுதானே, ஒருத்திக்குப் பாத்தா போதும்" என்று என்னை எழுப்பி அனுப்பிவிட்டார். உடம்பில் துத்தநாகச் சத்து குறைந்தால், கல்லீரலில் வைட்டமின் இருந்தும் அது ரத்தத்தில் இறங்கிக் கண்ணுக்குப் போய்ச் சேராது என்று தாங்கள் அவளிடம் விளக்கினீர்களாம். பீரோ நிறையத் துணி இருந்தும் சாவி ஓரகத்தி இடுப்பில் இருப்பது போல என்று புரிந்துகொண்டேன். மாத்திரையும் அவள் பெயருக்கே வந்தது. ரத்தத்துக்கு ஒரே வீடு, மாத்திரைக்கு மட்டும் வேறு வீடா?

3. மேலும், ஒரே சாப்பாடு என்பதே தவறான தகவல். எங்கள் மாமியாரின் கரண்டி அவளுக்கென்றால் சட்டியின் அடிவரை போகும். எனக்கென்றால் மேலாக மிதந்து திரும்பும். கறி அவள் தட்டில், குழம்பு என் தட்டில். கறியில் துத்தநாகம் அதிகம் என்று தங்கள் சுவரொட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. ஆகவே குறைபாட்டிலாவது நான் அவளுக்கு மூத்தவள் என்பதைப் பணிவுடன் வலியுறுத்துகிறேன்.

4. இப்போது அவள் மங்கல் வெளிச்சத்தில் கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோக்கிறாள். அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான். நாங்கள் இருவரும் தைக்கும் தையல் கடை முதலாளி மாலை வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் என் மெஷினையும் கொடுக்கப்போகிறாராம். வீடு திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, படி இருக்கு, பாத்து" என்கிறாள். வயிறு எரிகிறது, அம்மையீர்.

5. தன் மாத்திரையில் பாதியைத் தருகிறேன் என்கிறாள். அவள் கையால் வாங்கித் தின்ன என்னால் முடியாது. அரசாங்கத்தின் கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்து, மெஷின் கைமாறும் முன் ஆவன செய்யுமாறு கைகூப்பிக் கேட்கிறேன்.

இடம்: எங்கள் வீட்டுச் சமையலறை
நாள்: திங்கள், பொழுது சாய்ந்த பின்

இப்படிக்கு,
மூத்த மருமகள்
(கையெழுத்து கோட்டைத் தாண்டியிருந்தால் பொறுத்தருள்க)

பி.கு.: இந்நேரத்தில் எனக்கு எழுத்து தெரியாததால், நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதியவள் மேற்படி ஓரகத்தியே. வயிறு எரிகிறது என்ற இடத்தில் சிரித்தாள். கறி விஷயத்தில் அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

எழுதியவள்: அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. கறியும் உண்மை. இந்த வரியை மட்டும் நான் அக்காவுக்குப் படித்துக் காட்டவில்லை.